தையலுக்கு விட்ட நாலு விரல்

ஆய்வேட்டில் இரண்டே பக்கம் பாக்கி. ஒன்று, பின்னிணைப்பில் சேர்க்க வேண்டிய கல்வெட்டுப் படி. மற்றது நன்றியுரை. வியாழக்கிழமை படியை எடுத்துவிட்டு, நன்றியுரையைப் போகிற போக்கில் தட்டிவிட்டு, திங்கட்கிழமை சமர்ப்பித்துவிட வேண்டியதுதான். சமர்ப்பித்த சான்று கையில் இருந்தால்தான் கல்லூரி வேலை. இல்லையென்றால் அது பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அவள் எப்போதும் ஓட்டம்தான். அதனால்தான் வீட்டில் அவளுக்கு ரயில் என்று பெயர்.

படி எடுக்க இரண்டு பேர் வேண்டும். நனைத்த தாளை ஒருவர் கல்லோடு சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்க வேண்டும். துறையில் யாருக்கும் ஒழிவில்லை. கடைசியில் மாட்டிக்கொண்டது அண்ணி. தையல்கடைக்கு ஒரு நாள் பூட்டுப் போட்டுவிட்டு, கத்தரியும் அளவு நாடாவுமாக வந்துவிட்டாள்.

அருங்காட்சியகத்தின் பின்பக்கக் கிடங்கில், ஓர் இரும்பு பீரோவை ஒட்டி நின்றிருந்தது கல். ஆளுயரம், ஒரு சாண் தடிமன்.

"இதுக்காகவா நாலு வருஷமா சோறு தண்ணி இல்லாம கிடந்த?" என்றாள் அண்ணி.

"இதேதான் அண்ணி. எழுநூறு வருஷம் ஆச்சு. பேரரசர் படையோட வந்து ஆத்தங்கரை ஊர் ஒண்ணை இல்லாமலே பண்ணிட்டாரு. 'இந்த ஊரில் இனி அடுப்பு எரியாது'ன்னு அந்த ஊர்லயே கல்லும் நட்டுட்டுப் போயிட்டாரு. அந்த ஊர் அதோட முடிஞ்சுது. என் ஆய்வே அதுதான்."

"அவரு சொன்னா ஆச்சா?"

"அரண்மனை வரலாற்றுல இருக்கு. தளபதி எழுதின கடிதத்துல இருக்கு. இந்தக் கல்லுல இருக்கு. மூணு மூல ஆதாரம்!"

"மூணும் ஒரே வீட்டு ஆளுங்கடி. மாப்பிள்ளை எப்படின்னு மாப்பிள்ளை வீட்டுலயே மூணு பேர்கிட்ட விசாரிச்ச மாதிரி இருக்கு."

கிடங்குச் சாவியை வைத்திருந்த பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ரயிலுக்குச் சுருக்கென்றது.

"நீங்க தாளை வெட்டுங்க அண்ணி, போதும்."

அண்ணி நாடாவைக் கல்லின் மேல் ஓட்டினாள், கத்தரியும் ஓடியது. தாளை நனைத்து ஒட்டிய பிறகுதான் ரயில் பார்த்தாள். இரண்டு பக்கமும் தாள் வழிந்து தொங்கியது.

"என்ன அண்ணி இது? இவ்வளவு பெரிசா?"

"தையலுக்கு நாலு விரல் விட வேணாமா?"

"கல்லுக்கு எதுக்கு அண்ணி தையல்?"

"பழக்கதோஷம். அளவுக்கு அளவு வெட்டுன்னா என் கை வெட்டாது."

ஈரத் தாளைப் பிய்த்தால் நடுவிலும் கிழியும். வேறு வழியில்லாமல் பெரியவரைக் கூப்பிட்டு, மூன்று பேருமாக பீரோவை முக்கி முனகி இரண்டடி நகர்த்தினார்கள். மிச்சத் தாளைக் கல்லின் பக்கவாட்டில் மடித்து, விழாமல் இருக்க அங்கேயும் பிரஷ்ஷால் நாலு தட்டு. தாள் அரைகுறையாகக் காய்ந்ததும் ரயில் மை தோய்த்த துணிப்பொட்டணத்தால் ஒற்றினாள். கறுப்புக்கு நடுவே பேரரசரின் எழுத்துகள் பளிச்சென்று வெள்ளையாக எழுந்து நின்றன. அச்சுப் புத்தகத்தில் அவள் மனப்பாடமாகப் படித்த அதே இருபது வரி. அவ்வளவுதான், முடிந்தது.

"இந்த ஓரம் வெளுப்பா நிக்குது பாரு, அசிங்கமா இருக்கு," என்று அண்ணி பொட்டணத்தை வாங்கிப் பக்கவாட்டிலும் ஒற்றினாள். "ஏய் ரயிலு, இங்கயும் என்னமோ கிறுக்கி வச்சிருக்காங்க."

"கல்லு பொரிஞ்சிருக்கும் அண்ணி."

"பொரிஞ்ச கல்லு வரிவரியாவா பொரியும்?"

ரயில் மண்டியிட்டாள். ஆழமே இல்லாத, கோணல்மாணலான எழுத்து. வெறும் கல்லில் கண்ணுக்கே தெரிந்திருக்காது. புத்தகத்திலும் முன்பக்கப் படம் மட்டும்தான் உண்டு. விரலை வைத்து எழுத்துக் கூட்டி, முதல் வரிக்கே கால் மணி நேரம் பிடித்தது. கடைசி வரியையும் கூட்டி முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி எழுதியிருக்கு?"

"படை போன ஒன்பதாம் வருஷம் திரும்பி வந்தோம். மூடிக் கிடந்த கிணத்தைத் தோண்டினோம். தோண்டினவங்க பேரு இதுன்னு... பதினோரு பேரு. ஆறு பொம்பளைங்க."

அண்ணி கையைத் தட்டிச் சிரித்தாள். "அடுப்பு எரியாதுன்னவன் கல்லுலயேவா! நல்ல நெஞ்சழுத்தம்!"

ரயில் சிரிக்கவில்லை. "நாலு வருஷ ஆய்வு போச்சு அண்ணி. ஊர் முடிஞ்சுதுன்னு முந்நூறு பக்கம் எழுதியிருக்கேன். மாத்தணும்னா ஆறு மாசம். வேலையும் போச்சு."

அண்ணியின் சிரிப்பு நின்றது. கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து கத்தரியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தான நாலு விரல் கூட விட்டேன். காஞ்சதும் வேணும்னா ஓரத்தை வெட்டிடு. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

பெரியவர் சட்டென்று ஜன்னல் பக்கம் போய்விட்டார். ரயில் கத்தரியைப் பார்த்தாள். ஓர் இழுப்பு, அவ்வளவுதான் வேலை. அந்தப் பதினோரு பேருக்கு உளி பிடிக்கக்கூடப் பழக்கமில்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இருந்தும் கல்லோடு மல்லுக்கட்டி வெட்டிவைத்திருக்கிறார்கள். எழுநூறு வருஷமாக யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தவர்களிடம், கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி எப்படிப் போவது?

கத்தரியை எடுத்து அண்ணியின் பைக்குள்ளேயே போட்டாள். பிறகு வழிகாட்டிப் பேராசிரியைக்கு போன் செய்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன். படியை மடிச்சிடாத. சுருட்டி எடுத்துட்டு வா. திங்கட்கிழமை சமர்ப்பிக்கல, புதுசா ஆரம்பிக்கிறோம். வேலையை என்னால நிறுத்தி வைக்க முடியாதும்மா."

"தெரியும் மேடம்."

"அது சரி, பக்கவாட்டுல படி எடுக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"எனக்குத் தோணல மேடம். எங்க அண்ணி டெய்லர்."

அந்த வேலை அடுத்து நின்றவருக்கே போனது. பேருந்தில் வரும்போது லேசாக அழுகை வந்தது உண்மைதான். ஆனால் சுருட்டிய தாளைக் குழந்தை மாதிரி மடியில் கிடத்தி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள் அண்ணி. "இடிக்காதீங்க, இதுல ஆளு இருக்கு," என்று நின்றிருந்தவர்களை அவள் விரட்டிய விரட்டில் ரயிலுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்தாள். முந்நூறு பக்கத்தையும் தொடவில்லை. காலியாகக் கிடந்த நன்றியுரைப் பக்கத்தில் அந்தப் பதினோரு பெயரையும், கல்லில் இருந்த வரிசை மாறாமல் எழுதினாள். பன்னிரண்டாவதாக அண்ணியின் பெயர். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, மறக்காமல் பெரியவரின் பெயரையும் சேர்த்தாள். அந்த பீரோவை நகர்த்தக் கை கொடுத்தவர் அவர்தானே.

முதல் தடவையாக, அந்தப் பக்கத்தை எழுதி முடிக்க அவளுக்கு அவசரமே இல்லை.