பதினைந்து வோல்ட் தாங்கும்

பாண்டிச்சேரியிலிருந்து ஒர்த்தான்ஸ் வாங்கி வந்திருந்த ஐ.சி. சில்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பூமிநாதன் அதன் மேல் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தான். அவன் உதட்டைப் பிதுக்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, இது இல்லையா?"

"நான் கேட்டது ஏழு நாலு பூஜ்யம் ஏழு. இது ஏழு நாலு ஒண்ணு ஏழு."

"ரெண்டும் ஒண்ணுதான்னு கடைக்காரர் சத்தியம் பண்ணாரே! நீங்க கேட்டது மெட்ராஸ்லேருந்து வர ரெண்டு வாரமாவுமாம்."

"அவர் பொய் சொல்லல. அதே பதினாலு காலு, அதே வேலை. போர்டு குடுக்கிற சின்ன சிக்னலை வாங்கி, வெளியில மோட்டாரைப் போடுற ரிலே சுவிட்சை இழுக்கும். ஆனா அது முப்பது வோல்ட் தாங்கும். இது பதினஞ்சுதான் தாங்கும். நம்ம ரிலே இருபத்துநாலு."

பட்டினச்சேரி மீனவர் குப்பத்துக்குப் போகிற சாலையில் கோவிந்தராசுவின் ஐஸ் கம்பெனி இருந்தது. பிரான்சில் ஏதோ தொழிற்சாலை கழித்துக்கட்டிய கண்ட்ரோல் பெட்டி ஒன்றை மலிவாகப் பிடித்துவந்து கம்ப்ரசருக்கு மாட்டியிருந்தார். அதில் இந்த ஒரு சில்லு செத்ததும் பெட்டி மொத்தமும் மூச்சை விட்டது. டிப்ளமா படித்துவிட்டு அங்கே தினக்கூலிக்கு இருந்த பூமிநாதனிடம், "ஓட வச்சுக் காட்டுய்யா, மாசச் சம்பளத்துல போடுறேன்" என்று சொல்லியிருந்தார் முதலாளி.

அந்தச் சம்பளத்தில்தான் ஒர்த்தான்ஸின் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்பா ஆல்போன்ஸ் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். குடும்பத்தோடு மகன் ழோர்ழிடம் பாரீசுக்குக் குடிபோக டிக்கெட் எடுத்தாயிற்று. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டினால் வரிச்சிக்குடி விவசாயி மகன் பூமிநாதனும் கூடவே விமானம் ஏறலாம். அவன்தான் மாட்டேன் என்றான். "பாஸ்போர்ட்டுக்காகக் கட்டிக்கிட்டான்னு ஊர் சிரிக்கும். இங்க சம்பாதிச்சு இங்க வச்சுக் காப்பாத்துறேன்." ஆல்போன்ஸும் இறங்கி வந்திருந்தார். வேலை நிரந்தரமானால் மகளை அவனுக்குக் கட்டிவைத்துவிட்டுப் போவதாகச் சொல்லிவிட்டார். விமானத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

"வேற ஐ.சி. எதுவும் ஆவாதா?" என்றாள்.

"நாலு பூஜ்யம் அஞ்சு பூஜ்யம்னு ஒண்ணு இருக்கு. கரண்ட் வாங்குற காலே வேற இடத்துல, போர்டுல உக்காராது. ஆறு டிரான்சிஸ்டரை வச்சு ஒட்டலாம். போன வருஷம் ஒருத்தன் அப்படி ஒட்டித்தான் புகைஞ்சுது, முதலாளி கிட்டயே விடமாட்டாரு. வோல்ட்டைக் குறைச்சா ரிலே அசையாது."

"இதைப் போட்டா?"

"ஓடும். எவ்வளவு நேரம் ஓடும்னுதான் தெரியாது."

"ரெண்டு வாரம் ஓடாதா? அதுக்குள்ள சரியானது வந்துடுமில்ல? நான் வெயில்ல கடை கடையா ஏறி இறங்கினது வீணாப் போவணுமா? போட்டுத்தான் பாருங்களேன்!"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ஈயம் பற்றவைக்கும் சால்ட்ரிங் ராடை பிளக்கில் சொருகினான்.

கம்ப்ரசர் ஓடியது. கோவிந்தராசு காதுவரை சிரித்தார். "என்னய்யா, பெட்டி பிரெஞ்சு, சில்லு பாண்டிச்சேரி, மெக்கானிக்கு வரிச்சிக்குடியா? அடுத்த மாசத்துலேருந்து நீ சம்பள ஆளுடா தம்பி!" அன்று சாயங்காலம் ஆல்போன்ஸ் மகளுடைய டிக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்தார். "திருப்பிக் குடுத்துடலாமா?" என்று அவர் கேட்டபோது, ஒர்த்தான்ஸ் வெட்கத்தோடு, "ரெண்டு நாள் போவட்டும் பப்பா" என்றாள்.

ரெண்டு நாள் போகவில்லை. மறுநாள் மத்தியானம், ஐஸ் உறைந்ததும் நிற்க வேண்டிய கம்ப்ரசர் நிற்கவில்லை. சில்லு உள்ளுக்குள் உடைந்து ரிலேயைப் பிடித்த பிடி விடவில்லை. பூமிநாதன் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மோட்டாருக்குள் கம்பிச்சுருள் கருகி, ஷெட் முழுக்க நாற்றம். சேதி கேட்டு ஒர்த்தான்ஸ் ஓடி வந்தபோது, கரையேறிய இறாலோடு கூடைக்காரப் பெண்கள் ஐஸ் கேட்டு வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா ஆச்சு?" என்றார் கோவிந்தராசு.

பூமிநாதன் மறைக்கவில்லை. "தாங்காதுன்னு தெரியுங்க. தெரிஞ்சுதான் போட்டேன்."

கோவிந்தராசு கருகிய மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா. நாகப்பட்டினத்துலேருந்து லாரியில ஐஸ் இறக்கிக்கிட்டு ரெண்டு வாரம் ஓட்டியிருப்பேனே. நான் என்ன முடியாதுன்னா சொல்லியிருப்பேன்? இனிமே உன்ன நம்பி எப்படிடா கம்பெனிய விட்டுட்டுப் போவேன்?" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று ஒர்த்தான்ஸுக்குத் தோன்றியது.

"நான்தாங்க போடச் சொன்னேன்" என்று அவள் முன்னால் வந்தாள்.

"ராடு என் கையிலதான் இருந்துச்சு" என்றான் பூமிநாதன், அவளைப் பார்க்காமல்.

எல்லோரும் போன பிறகு அவன் பெட்டியைத் திறந்து, செத்த சில்லின் கால்களிலிருந்து ஈயத்தை ஒவ்வொன்றாக உறிஞ்ச ஆரம்பித்தான்.

"விட்டுட்டு வாங்க. அதான் வேற ஆளை வரச் சொல்லிட்டாரே."

"வர்றவனுக்கு இடம் சுத்தமா இருக்கட்டும்."

"எங்ககூட வந்துடுங்க. ஊர் சிரிச்சா சிரிக்கட்டும்."

அவன் தலையசைத்தான். அது மாட்டேன் என்கிற அசைவு என்று அவளுக்குத் தெரியும். "நேத்துவரைக்கும் ஊருக்குத்தான் பயந்தேன். இப்ப சும்மா கையோட வந்து உங்க அண்ணன் வீட்டுல உக்காந்தா, பாஸ்போர்ட்டுக்காகக் கட்டிக்கிட்டதா எனக்கே தோணும், ஒர்த்தான்ஸ்."

அப்பா தனியாக எடுத்து வைத்த டிக்கெட்டை இனித் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவள் அழவில்லை. ஷெட்டில் வெளிச்சம் போதவில்லை. அவன் கேட்காமலே டார்ச்சை எடுத்து, அவன் விரல்கள் மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.