புல்லுக்கு நடுவே ஒரு வாய்க்கால்

“உங்க வீட்டுப் பூவெல்லாம் ஏன் எங்க வீட்டுக்கு வரவே மாட்டேங்குது?”

தையல்காரரின் மகள் சின்னவளாக இருந்தபோது, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த டிரைவரிடம் இப்படிக் கேட்டாள். “உங்கப்பா கூப்பிட்டா வரும் கண்ணு” என்றார் அவர்.

கூப்பிட அப்பாவுக்கு நேரம் வாய்க்கவில்லை. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவருக்குத் தன் வாசல் கட்டாந்தரையாகக் கிடப்பது கண்ணில் படவே இல்லை. மகள் கல்யாணமாகிப் போய், மாமனார் மாமியாரை முதல்முறையாக அழைத்து வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

“ஆளை விட்டா சீக்கிரம் முடிச்சிடுவாங்க” என்றாள் மனைவி. கடையில் காஜா எடுப்பதும் பித்தான் வைப்பதும் அவள் வேலை.

“என் பொண்ணுக்குக் கவுன் எல்லாம் நானே தெச்சேன். வாசலை மட்டும் அடுத்தவன் தைக்கணுமா?”

கடையை மூடிவிட்டு இருவருமே இறங்கினார்கள். இப்போது ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கும் டிரைவர் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் தந்தார். அதோடு நில்லாமல், இறுகிக் கிடந்த மூலையைக் கடப்பாரையால் தாமே பெயர்த்தும் கொடுத்தார். தையல்காரரின் மனைவியை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த முறையில் தையல்காரர் மாப்பிள்ளை.

“மாப்ளே, மண்வெட்டியை ஊசி மாதிரி ரெண்டு விரல்ல பிடிச்சா ஆகுமா?”

“நீங்க மட்டும் என்ன மச்சான், கடப்பாரையை கியர் போடுற மாதிரி ஆட்டுறீங்க!”

மண்ணை நிரவும்போது, “ரசமட்டம் வெச்சுப் பாத்துடுங்க” என்றாள் மனைவி.

“இந்தக் கண்ணு பாக்காத மட்டமா?”

டேப்பால் அளந்து, சாக்கட்டியால் சுவரில் கோடு போட்டார். பாவாடை இடுப்பிலிருந்து விரிந்து இறங்குவதுபோல, வீட்டுச் சுவரிலிருந்து பக்கத்து மதில்வரை மண் சரிந்து இறங்கியது. அதன்மேல் வாங்கி வந்த புல்பாய்களை விரித்தார்கள். ஓரம் பிசிறடித்த இடத்தைத் துணி வெட்டும் கத்தரியாலேயே அவர் நறுக்கினார்.

“இனிமே போற சட்டையெல்லாம் புல்லு வாசனையோடதான் போகும்” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மழை வந்தது. தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வழுக்கி ஓடியது. “பாத்தியா, ஒரு சொட்டு நிக்கல” என்று அவர் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

மறுநாள் தள்ளுவண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், டிரைவர் வீட்டுப் பக்கவாசலில் நின்றுவிட்டாள். வாசற்படியில் மணல் மூட்டைகள். பூப்பாத்தி சேறாகக் குழம்பிக் கிடந்தது. டிரைவர் குந்தி உட்கார்ந்து தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே இது?”

“மழைன்னா தண்ணி வரத்தானே செய்யும், தங்கச்சி.”

“இத்தனை வருஷமா வரலையே?”

தண்ணீர் கசிந்து வரும் மதிலின் அடியை அவர் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். “மாப்ளைகிட்ட ஒண்ணும் சொல்லிடாதம்மா. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமா இருக்காரு.”

அவள் வந்து அப்படியே சொல்லிவிட்டாள்.

தையல்காரர் ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்தார். “பொண்ணு வந்துட்டுப் போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

“அதுக்குள்ள மழை வந்தா?”

“அதான் மூட்டை வெச்சிருக்காரே.”

சொன்ன வாய் மூடுமுன்னே அந்தச் சொல் அவருக்கே கசந்தது. அவள் கோபப்படவில்லை. “கடையில அளவு தப்பா வெட்டித் தெச்சுட்டா என்ன செய்வீங்க?”

“பிரிச்சுத் தைப்பேன்.”

“அப்ப பிரிங்க.”

டிரைவர் தம் அக்கா வீட்டுக்குப் போன அன்றே தொடங்கினார்கள். இரும்புக்கடையில் ரசமட்டம் இரவல் வாங்கி, புல்லை நீளவாக்கில் அறுத்து, மதிலோரத்து மண்ணை உயர்த்தி, நடுவே தெருச் சாக்கடைவரை வாய்க்கால் வெட்டி, உடைந்த செங்கல் பதித்தார்கள். பெயர்த்த புல் மீண்டும் பிடிக்கவில்லை, பழுத்துச் சுருண்டது. பச்சை வாசலின் நடுவே ஆபரேஷன் தழும்பு மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அதைப் பார்க்கத்தான் சம்பந்தி வீட்டார் வரப்போகிறார்கள். அவருக்கு நெஞ்சு கனத்தது. ஆனால் டிரைவர் திரும்புவதற்குள் ஒருநாள் காலை பெய்த மழை அந்தக் கோட்டுக்குள் இறங்கித் தெருவுக்கு ஓடியபோது, கனம் கொஞ்சம் இறங்கியது.

மழை விட்டதும் மனைவி அடுப்படிக்குப் போனாள். “பால் வாங்கிட்டு வரேன்” என்று அவர் கிளம்பினார்.

நல்லது செய்ய ஆண்டவன் எல்லாருக்கும் வழி காட்டுகிறான். யாரும் பார்க்காத நேரத்தையும் கூடவே தந்தால், அது அவன் தனியாகக் காட்டும் கருணை. தெரு காலியாக இருந்தது. தையல்காரர் டிரைவர் வீட்டு கேட்டைத் திறந்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மூலையில் அடுக்கினார். பாத்தியில் படிந்திருந்த வண்டலை வழித்து, மண்ணைக் கிளறி, அழுகாமல் தப்பிய செடிகளை நிமிர்த்திக் குச்சி நட்டார். வாசற்படியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினார்.

பிறகு துடைப்பத்தோடு பின்பக்கமாகவே நடந்து, தம் காலடித் தடங்களைக் கூட்டிக் கூட்டி அழித்தபடி வெளியே வந்து, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பால் வாங்கப் போனார்.