ஒன்றாகத் தைத்த கால்கள்

சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு வீரமலை டாக்டருக்காகக் காத்துக் கிடந்தான். இன்று கட்டைப் பிரிப்பார்கள். சதை சிவந்திருந்தால் இடது கால் தங்கும். கறுத்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான். டாக்டர் ஃபெமினா இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

வலி மருந்தில் உடம்பு மிதந்தது. துவாக்குடியில் அவன் வேலை செய்த ஷெட்டில் இரும்புத் தகடு கிரேனிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது யாருக்கோ நடந்ததுபோல் இருந்தது. எலும்பு வெளியே வந்துவிட்டது. முதலுதவிப் பெட்டி என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை. கூட வேலை செய்தவர்கள், பாவம், ரத்தத்தை நிறுத்த டீக்கடையிலிருந்து காபித்தூள் வாங்கி வந்து அள்ளி அள்ளி அப்பினார்கள். ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் கழுவி, கெட்டுப்போன சதையை வெட்டி, எலும்பை வெளியிலிருந்தே கம்பிகளால் பூட்டினார்கள். மூடுவதற்குச் சதை போதவில்லை. வலது கெண்டைக்காலிலிருந்து ஒரு துண்டை, முழுதாக அறுத்துவிடாமல் புரட்டி, இடது காலோடு சேர்த்துத் தைத்தார்கள். புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை இரண்டு கால்களும் ஒட்டித்தான் கிடக்க வேண்டும்.

கண்ணை மூடினால் காவிரி. சேர்ந்த கால்களை ஒரே வீச்சாக அடித்து ஸ்ரீரங்கம் பாலத்துக்கு அடியில் நீந்திப் போனான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. எங்கேயும் வலி இல்லை.

"என்னங்க, தூக்கத்துல சிரிக்கிறீங்க?" மனைவி இருளாயி தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"மீனா ஆயிட்டேன்டி."

"ஆமா, குழம்பு வைக்கத்தான் லாயக்கு. டாக்டரம்மா வராங்க, பேசாம இருங்க."

கேலி பேசினாளே தவிர, அவனுடைய தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

டாக்டர் கட்டைப் பிரித்தார். இருளாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒட்டிய சதையை டாக்டர் விரலால் அழுத்தினார்; வெளுத்தது. விரலை எடுத்தார். மெல்ல, மிக மெல்ல, சிவப்பு திரும்பி வந்தது.

"பிடிச்சிருச்சு வீரமலை. கால் தப்பிச்சுது. ஆனா ஊனி நடக்க ரொம்ப நாளாகும்."

"அது போதும்மா, அது போதும்," என்று இருளாயி ஓவென்று அழுதுவிட்டாள்.

சாயங்காலம் ஷெட் சூப்பர்வைசர் முருகானந்தம் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே புத்தம் புதிய சேஃப்டி ஷூ. அந்த ஷெட்டில் இதுவரை எல்லாரும் செருப்போடுதான் தகடு தூக்கினார்கள்.

"இத நெஞ்சுல வச்சுப் பிடிச்சுக்கப்பா. ஷூ குடுத்தீங்களான்னு விபத்த விசாரிக்க வந்த ஆபீசர் கேக்குறாரு. ஒரு போட்டோ போதும். கொஞ்சம் சிரிச்ச மாதிரி இரு."

வீரமலை சிரித்தான். இன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு தானாகவே வந்தது. படம் எடுத்து முடித்ததும் ஷூவைத் தடவி, முனையில் இருந்த இரும்பைத் தட்டிப் பார்த்தான். பிறகு அடிப்பக்கத்தைத் திருப்பினான்.

"ஒம்பதாம் நம்பரா இருக்கேங்க. எனக்கு ஏழுங்க."

"ஒனக்கா?" முருகானந்தம் ஷூவை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "ஒன் எடத்துல புதுசா ஒருத்தன் சேந்திருக்கான்ல, அவனுக்குப்பா."

அவர் போய்விட்டார். வீரமலையின் இரண்டு கைகளும் ஷூவைப் பிடித்த மாதிரியே நெஞ்சின் மேல் இருந்தன.