பதினேழாவது கேள்வி

சிப்காட் நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது ஜோதி மேரி தலையைக் குனிந்துகொண்டாள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இருந்தாலும் ஒரு வேலை நாளில், காலை ஒன்பதேகாலுக்கு, பட்டுப்புடவையில், மடியில் ஒரு கட்டுக் காகிதத்தோடு தன் தொழிற்சாலை வாசலைத் தாண்டிப் போவது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதுபோல உறுத்தியது. பதினோரு வருடமாக அந்த ரசாயனத் தொழிற்சாலையில் பயிற்சி அதிகாரி. ஆறு வருடமாக சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வு மையத்தில் பகுதிநேர ஆய்வு மாணவி. இன்று மதியம் அந்த ஆறு வருடத்தையும் இருபது நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் கணவன் லூயிஸ் இதற்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி அவள் பேரைக் கொடுத்து, சாமியார் அதை வாசிக்கும்போது அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

குனிந்த தலை தப்பவில்லை. ஏறியவன் சாமிக்கண்ணு. தொட்டி கழுவுகிற ஒப்பந்தக் குழுவில் மூத்த ஆள். இரவு ஷிப்டும் முடித்து மூன்று மணி நேரம் ஓ.டி.யும் பார்த்துவிட்டு பிச்சாவரம் பக்கத்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். சட்டையில் சோப்பு வாசனையும், சோப்பால் போகாத இன்னொரு வாசனையும். பக்கத்தில் இடமிருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டான்.

"இன்னா மேடம், இன்னிக்குத்தான் பரிச்சையா?"

பரீட்சை இல்லை, செய்த ஆய்வை நாலு பேர் முன்னால் விளக்குவது என்றாள்.

"அதெல்லாம் பாஸாயிடுவீங்க. நாங்கதான் எல்லாரும் அஞ்சு அஞ்சா போட்டு அனுப்பிட்டோமே."

அவள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அந்த 'அஞ்சு' இடறியது. என்ன அஞ்சு என்று கேட்டாள்.

சாமிக்கண்ணு பெருமையாகவே சொன்னான். கேள்வித்தாள் வந்த அன்று கேன்டீனில் சூப்பர்வைசர் கொளஞ்சியப்பன் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தை உடைத்துவிட்டாராம். மேடம் பெரிய படிப்பு படிக்கிறாங்க, இது அவுங்களுக்கு நாம மார்க் போடுற பேப்பர், அஞ்சுதான் ஃபுல் மார்க், ஒருத்தனும் கை நடுங்கக் கூடாது என்று. ஒரே ஒருத்தன் மட்டும் இரண்டு இடத்தில் நாலு போட்டுவிட்டான். உன் கூடப்பொறந்தவளா இருந்தா கொறைப்பியாடா என்று அவனைப் பிடித்து உலுக்கி, அழித்துப் போட வைத்தார்களாம்.

"படிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க?" என்று கேட்டாள்.

"எதுக்கு மேடம் படிக்கணும்? உங்களுக்குத்தானே."

பேருந்து ஆலப்பாக்கத்தைத் தாண்டியது. ஜோதி மேரி கட்டை அவிழ்த்தாள். நூற்று நாற்பத்திரண்டு தாள்கள். தாளுக்கு இருபத்தாறு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கட்டம்: ஒன்று என்றால் 'முற்றிலும் மறுக்கிறேன்', ஐந்து என்றால் 'முற்றிலும் ஏற்கிறேன்'. 'பயிற்சியில் கற்றதை வேலையில் பயன்படுத்துகிறேன்', ஐந்து. 'சந்தேகம் வந்தால் உடனே கேட்கிறேன்', ஐந்து. எல்லாம் அழகாக வந்திருந்தது. பதினேழாவது வாக்கியம் மட்டும் வேண்டுமென்றே தலைகீழாக எழுதப்பட்டது. 'ஆபத்து என்று தெரிந்தாலும் வேலையை நிறுத்தப் பயப்படுகிறேன்.' கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே வைக்கிற கேள்வி அது. அதற்கும் எல்லோரும் ஐந்து போட்டிருந்தார்கள்.

கேள்வி அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. அதை அடித்து நீக்கியது அவள்தான். மற்ற இருபத்தைந்தோடு அது ஒத்துப்போகவில்லை. அது இருக்கும்வரை மொத்தக் கணக்கும் காலை வாரியது. வாக்கியம் எதிர்மறையாக இருப்பதால் தொழிலாளர்களுக்குப் புரியவில்லை, எடுத்துவிடுங்கள் என்றார் வழிகாட்டி பேராசிரியர் வைத்திலிங்கம். எடுத்தாள். சராசரி ஏறியது. பயிற்சி பெற்றவர்கள் ஆபத்து கண்டால் தாமாகவே வேலையை நிறுத்துகிறார்கள் என்று ஒரு முடிவு பிறந்தது.

அந்த முடிவு காகிதத்தோடு நிற்கவில்லை.

தொட்டி கழுவ ஒருவன் உள்ளே இறங்கினால், வாயருகே ஒருவன் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். வெளி ஆள் என்பார்கள். வெளி ஆள் ஒரு இழுப்பு இழுத்துக் கேட்பான். உள்ளேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் நன்றாக இருக்கிறேன். இரண்டு வந்தால் தூக்கு. ஜோதி மேரியின் பயிற்சியில் முதல் நாள் முதல் பாடம் அது. பதினைந்து நாள் முன்பு மேலாளர் செந்தமிழ்செல்வன் அவள் ஆய்வுச் சுருக்கத்தைப் படித்துவிட்டு அறைக்குக் கூப்பிட்டார். ஆராய்ச்சி என்றால் அலமாரியில் தூங்குவது என்று நினைத்திருந்தாராம். இதை அப்படியே தளத்தில் இறக்கலாமாம். மறுநாளே சுற்றறிக்கை: ஆபத்து என்றால் உள்ளே இருப்பவர்களே ஏறி வந்துவிடுவதால், இனி மூன்று தொட்டிக்கு ஒரு வெளி ஆள் போதும். அவள் அந்தச் சுற்றறிக்கையின் நகலைக் கடைசி அத்தியாயத்தில் பின்னிணைப்பாகச் சேர்த்தாள். அத்தியாயத்தின் பெயர், 'ஆய்விலிருந்து பணிக்களத்துக்கு'. மூன்று நாள் அதைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பூரித்துப் போயிருந்தாள்.

"சாமிக்கண்ணு, ஒரு ஆளு மூணு கயிற எப்படிப் பிடிப்பான்?"

"கம்பில கட்டிடுவாங்களாம். இன்னிக்கு ரெண்டு மணி ஷிப்ட்லேருந்து. மூணாவது டேங்க்ல எம் மச்சான்தான் எறங்குறான், அருள்முருகன்." அவன் வெளியே பார்த்தபடி சொன்னான். புகாராகச் சொல்லவில்லை, மழை வரும் என்பது மாதிரி சொன்னான்.

அவள் ஒரு தாளை உருவி பதினேழாவது வாக்கியத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினாள். இதுக்கும் அஞ்சு போட்டிருக்கீங்க, இதுவும் எனக்குப் போட்ட மார்க்தானே என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்றிருந்தது.

சாமிக்கண்ணு குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தான்.

"உங்களுக்குப் போட்டதுதான் மேடம். ஆனா அது நெசமும்தான். மூச்சு முட்டுதுன்னு ஏறி வந்துட்டா, மறுநாள் கேட்ல நம்ம பேரு இருக்காது. மேல நம்ம ஆளு கயித்தப் புடிச்சிருந்தா, நாம வாயத் தெறக்க வேணாம். அவன் தூக்கிடுவான்."

பு.முட்லூரில் அவன் இறங்கிக்கொண்டான். இறங்கிய பிறகும் சன்னலருகே வந்து, தைரியமா எழுதுங்க என்று கையைக் காட்டினான்.

வெள்ளாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறும்போது செந்தமிழ்செல்வனை அழைத்தாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "மேரி, அந்தப் பேப்பர்ல உங்க கையெழுத்து இருக்கு. தப்புன்னா, தப்புன்னு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. பஸ்ல ஒருத்தன் சொன்னான்னு நான் ஷிப்ட மாத்த முடியாது" என்றார். பத்தரைக்கு ஆடிட் கூட்டம், அதற்குள் அனுப்பினால் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மணி பத்து ஐந்து.

ஆய்வு மையத்தின் தாழ்வாரத்தில் பேராசிரியர் வைத்திலிங்கம் ஃபிளாஸ்கோடு நின்றிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒன்றும் வில்லன் இல்லை. நல்ல மனிதர், மூன்று மாதத்தில் ஓய்வு. அவளுடைய பதிவு இந்த மாதத்தோடு முடிகிறது, இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது, இன்று பேசாவிட்டால் ஆறு வருடமும் போச்சு என்பதை அவளுக்கு நினைவூட்டினார். பேசி முடித்துவிட்டால் பிறகு 'ஆய்வின் வரம்புகள்' என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளலாம், எல்லோரும் செய்வதுதான்.

"பத்தி எப்ப வேணா சேக்கலாம் சார். ரெண்டு மணிக்கு ஒருத்தன் எறங்குறான்."

அவர் டம்ளரில் டீயை ஊற்றினார், குடிக்கவில்லை. "அந்தக் கேள்விய எடுக்கச் சொன்னது நான்தாம்மா" என்றார், டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

படிக்கட்டில் உட்கார்ந்து செந்தமிழ்செல்வனுக்குக் கைபேசியில் மின்னஞ்சல் அடித்தாள். மூன்றே வரி. என் ஆய்வுத் தரவு நம்பத்தக்கதல்ல. அதிலிருந்து பெறப்பட்ட முடிவைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு தொட்டிக்கு ஒரு வெளி ஆள் என்ற பழைய முறையைத் தொடர வேண்டும். கீழே பெயர், பதவி. கடைசி வரியை அடித்து முடித்தபோது மணி பத்து இருபத்தெட்டு. நகல் வைத்திலிங்கத்துக்கும் போட்டாள். விரல் ஒரு கணம் பொத்தான் மேல் நின்றது. அப்பா லூர்துசாமி வீட்டுப் பெயர்ப்பலகையில் அவள் பெயருக்கு முன் 'டாக்டர்' போட வேண்டுமென்று மீன்வளத் துறையில் உடன் வேலைபார்த்த பெயின்டரிடம் போன வருடமே சொல்லி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. அழுத்தினாள். போய்விட்டது.

பதில் வரவில்லை.

பதினொன்றரைக்கு முதல் ஆள் பேசினான். பன்னிரண்டுக்கு ஸ்ரீதர் என்றொருவன், வங்கி ஊழியர்களின் மனநிறைவு பற்றி. அடுத்து இவள். திரையில் வண்ண வண்ணமாகத் தூண்கள் உயர்ந்தன. ஜோதி மேரி மேசைக்கடியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தாள். பெரிய சார் ஆடிட்டில் இருக்கிறார், கதவைத் தட்ட முடியாது என்றார்கள். கொளஞ்சியப்பனுக்கு அடித்தாள், தளத்துக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்ற விதியை எழுதியதே அவள்தான். மணியடித்துக்கொண்டே இருந்தது.

மணி பன்னிரண்டு இருபது. இருபது நிமிடம் பேசி, கேள்விக்குப் பதில் சொல்லி, கை குலுக்கிவிட்டுக் கிளம்பினால் தொழிற்சாலை வாசலை மிதிக்க மூன்றாகிவிடும். அவள் எழுந்தாள். பின்வரிசையில் இருந்த இளமதி என்ற பெண் முந்தானையைப் பிடித்தாள்.

"அக்கா, அடுத்தது நீங்க. எங்க போறீங்க?"

"வேலைக்கு" என்றாள்.

திரும்பும் பேருந்து எல்லா நிறுத்தத்திலும் நின்றது. புதுச்சத்திரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவள் எழுந்து முன்னால் போய் நின்றாள், நின்றால் வண்டி சீக்கிரம் போகும் என்பது மாதிரி. நடத்துனர் உட்காரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

வாசலில் இறங்கும்போது மணி இரண்டு இருபது. காவலாளி தேவசகாயம் லீவுன்னாங்களே என்று இழுப்பதற்குள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். ஓடக் கூடாது. தளத்தில் ஓடக் கூடாது என்பதும் அவள் பாடம்தான். கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, ஓட்டத்துக்கு ஒரு படி குறைவாக நடந்தாள்.

தொட்டிகள் வரிசையாக நின்றன. முதல் தொட்டி வாயருகே வெளி ஆள் ஒருவன் குனிந்து உள்ளே யாரிடமோ ஏதோ கத்திக்கொண்டிருந்தான். ஆர்டர் மாறிச்சா என்று அவள் கேட்டதற்கு, ஒண்ணும் வரல மேடம் என்றான். இரண்டாவது தொட்டியைத் தாண்டினாள். மூன்றாவது தொட்டியின் இரும்பு ஏணியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

மேலே யாருமில்லை. கைப்பிடிக் கம்பியில் கயிற்றைச் சுற்றி, பள்ளிக்கூடப் பையன் கட்டியதுபோல ஒரு முடிச்சு. அங்கிருந்து கயிறு நேராகத் தொட்டியின் இருட்டுக்குள் இறங்கியது. உள்ளே தண்ணீர் பீய்ச்சுகிற இரைச்சல். அருள்முருகன் என்று கூப்பிட்டாள். இரைச்சல் அதை விழுங்கிக்கொண்டது.

முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து அவிழ்த்தாள். இதுவரை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கயிறு இவ்வளவு சொரசொரப்பாக இருக்கும் என்று தெரியாது. இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி, ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

தலைக்கவசத்துக்குள்ளிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. வாசலில் கொடுக்க மறந்து இடுப்பில் செருகியிருந்த கைபேசி அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. எடுக்கக் கை இல்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

கயிறு அசைந்தது.

ஒன்று, என்று எண்ணினாள். எண்ணிவிட்டு மூச்சை நிறுத்தி, இறுக்கிய கை இரண்டையும் பார்த்தபடி நின்றாள், அடுத்தது வருகிறதா என்று.