ஹாலரன் பந்துகள்

நோரீன் சேர்ப்பது பேஸ்பால் பந்துகளில் போட்ட கையெழுத்து. ஆட்டக்காரர்களுடையது அவளுக்கு வேண்டாம். அது எவனிடமும் இருக்கும். ஏரிக்கரை மைதானத்தில் புல் வெட்டியவர், எலி பிடிக்க வந்தவர், ஆட்டத்தின் நடுவே அம்மணமாக ஓடிக் கைதானவர், இவர்கள்தான் அவள் அலமாரியில் இருந்தார்கள். ஓடியவர் இப்போது பல் டாக்டர். அந்தக் காலத்து ஆட்களில் பாக்கி ஒருவர்தான், எர்ல் ட்ரெஸ்லர்.

ட்ரெஸ்லர் ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறையைக் கவனித்துக்கொண்டவர். துணி துவைத்தார், காலணி துடைத்தார். நட்சத்திர ஆட்டக்காரர் வேட் ஹாலரனுக்குக் கையெழுத்துப் போட அலுத்தபோதெல்லாம் பந்துகளில் அவர் பெயரை இவரே எழுதினார். ஹாலரனுக்கு எப்போதும் அலுத்தது. சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். எந்தப் பந்து யார் எழுதியது என்பதுதான் தெரியாது.

அவள் போனபோது ட்ரெஸ்லர் கார் கொட்டகையில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த பந்தைப் பார்த்ததும் சிரித்தார்.

“ஹாலரன் பேரா? கொண்டா, கண்ண மூடிக்கிட்டே போடறேன்.”

“உங்க பேர் வேணும், மிஸ்டர் ட்ரெஸ்லர்.”

“என் பேரா? செக்குல போட்டாலே பேங்க்காரன் ரெண்டு தடவ பாக்கறான்.”

கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். பந்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“நீ கெட்டிக்காரிதான். என் கையெழுத்து ஒரு பந்துல கிடைச்சாப் போதும். அசலா போலியான்னு பாக்கற பசங்க லென்ஸ எடுத்துக்கிட்டு வந்துருவானுங்க. என் சுழியும் ஹாலரன் பந்துல இருக்கற சுழியும் ஒண்ணுன்னு ஆகிடும். இந்த ஊர்ல பாதி வீட்டுல என் பந்துதாம்மா இருக்கு. ஹாலரன் செத்தப்ப ஒருத்தி அத மடியில வெச்சுக்கிட்டு டிவியில அழுதா.”

“யார்கிட்டயும் காட்ட மாட்டேன்.”

“காட்டாம சேக்கறவ எவ இருக்கா? புளுகாத.”

ஹீட்டர் பழுதுபார்க்க வந்தவனைக்கூட நிறுத்திவைத்துப் பல் டாக்டரின் பந்தைக் காட்டியவள் அவள். இவருடைய பந்தையும் ஒரு மாதத்துக்குள் யாரிடமாவது காட்டிவிடுவாள். பந்தை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

“சரி, விடுங்க. நான் வரேன்.”

“உக்காரு. என்ன அவசரம்?”

பேனாவை, எழுதிப் பழகாத இடது கையில் பிடித்தார். அவள் மறுபடி எடுத்து வைத்த பந்து உருண்டது. அவள் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் பல்லைக் கடித்தார். எழுத்துகள் கோணிக்கொண்டு சரிந்தன. கடைசி இரண்டு எழுத்துகள் பந்தின் தையலில் ஏறி மறுபக்கம் போய்விட்டன.

நோரீன் உற்றுப் பார்த்தாள். இதை வேறு யாராவது விற்க வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பாள்.

“இது கையெழுத்தா?”

“என் கை. என் பேரு. எதிர்லதான உக்காந்து பாத்த? வேணாம்னா குடு, நாய் கடிச்சு வெளையாடட்டும்.”

அவள் கொடுக்கவில்லை. மை காயும்வரை ஊதினாள்.

“இனிமே யாருக்கு வேணும்னாலும் காட்டு,” என்றார் ட்ரெஸ்லர், மீனை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டே.