கோட்டின் மேல் ஒரு மூட்டை

“நில்லுங்கடா! நில்லுன்னா நிக்க மாட்டீங்களா? தொண்டை கிழியக் கத்துறேன்!”

“தோள்ல மூட்டை இருக்கு முதலாளி. கோடு வரைக்கும் போய்த்தான் நிக்க முடியும்.”

“அப்ப கீழ வைச்சுட்டு நில்லு!”

“கீழ வைக்கிற பழக்கம் இங்க இல்லையே.”

விடிந்தும் விடியாத நேரம். விளக்குக் கம்பங்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. சிமெண்டுத் தூசி புருவத்திலும் மூக்கு முடியிலும் படிந்து, வாலிபர்களெல்லாம் கிழவர்களாகத் தெரிந்தார்கள். முதலாளி மட்டும் குளித்து, தலைவாரி, வாசனை பூசி வந்திருந்தார். நான் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி கையில்தான் இருந்தது. காது எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள்.

இரண்டு நாட்டு எல்லையில் இருக்கிற எங்கள் யார்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பக்கம் ஒரு கேட், அந்த நாட்டுப் பக்கம் ஒரு கேட். நடுவில் கொஞ்சம் தார் ரோடு, அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. லாரி தாண்டக் கூடாது, மனிதனும் தாண்டக் கூடாது. மூட்டை மட்டும் தாண்டலாம். நம் ஆள் லாரியிலிருந்து தோளில் சுமந்துபோய்க் கோட்டில் நிற்பான். அந்தப் பக்கத்து ஆள் தன் தோளைக் கொடுப்பான். மூட்டை தரையில் படக் கூடாது. முன்பு ஒரு காலத்தில் எந்தப் பக்கம் விழுந்தது, யார் பொறுப்பு என்று ஓயாத சண்டை. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வாங்குகிறவன் கொடுக்கிறவன் தோளில் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டினால் மூட்டை அவனுடையது. தட்டும்வரை கொடுக்கிறவன் கையை எடுக்க மாட்டான், வாங்குகிறவனும் இழுக்க மாட்டான். இதை எந்த அதிகாரியும் எழுதவில்லை. அதனால்தானோ என்னவோ, ஒருத்தரும் மீறியதில்லை.

முதலாளிக்கு அன்றைக்குச் சொல்ல வேண்டியது பெரிய செய்தி. யாரும் நிற்காததால் ஒவ்வொரு சுமைக்காரனோடும் கூடவே நடந்து, ஆளுக்கு ஒரு துண்டாகச் சொன்னார். முதல் ஆளிடம், “புது வழித்தடம் திறக்கப்போறாங்க, அமைச்சருங்க வராங்க.” அடுத்தவனிடம், “சீல் வைச்ச லாரி இனிமே நிக்காம நேரா போயிடும்.” அதற்கடுத்தவனிடம், “அதனால சுமை வேலை கிடையாது.” கடைசி ஆளிடம் குரலைத் தாழ்த்தி, “லைன் வீட்டையும் காலி பண்ணணும். அங்கதான் லாரி நிறுத்துற இடம் வருது.”

முதல் துண்டைக் கேட்டவன் சந்தோஷப்பட்டான். கடைசித் துண்டைக் கேட்டவன் மூட்டையைத் தோளில் ஒருமுறை சரிசெய்துகொண்டு நடந்தான். நான்கையும் கோத்து முழுச் செய்தியாக வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அதை அப்படியே வைத்திருக்கிற குணம் எனக்கு இல்லை. வெயில் ஏறுவதற்குள், சுமைக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லைன் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அழுகை, ஆர்ப்பாட்டம் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. பெண்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் குழாயை மூடவில்லை.

என் அடுத்த கதவு, ஒத்தைத்தோள் வீடு. புருஷன், மனைவி, கல்யாண வயதில் ஒரு மகள். ஒத்தைத்தோள் பனைமரம் மாதிரி உயரம். வலது தோளில் மட்டுமே சுமப்பான், அதனால் அந்தப் பெயர். போன மழையில் சிமெண்டு மூட்டைகளை அடுக்கிய அட்டி சரிந்தது. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியும், இடம் இல்லை என்று முதலாளி அடுக்கச் சொன்ன அட்டி அது. புது வழித்தடத்துப் பாலத்துக்குப் போக வேண்டிய சிமெண்டு. அது அந்த வலது தோளின் மேலேயே வந்து விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தோளுக்கு உணர்ச்சி இல்லை. மூட்டையை வைத்தால் தாங்கும், வைத்தது தெரியாது. முதலாளிக்குத் தெரிந்தால் முதலில் வெளியே போவது இவன்தான் என்று லைன் வீடே வாயை மூடிக்கொண்டது. நானும் மூடினேன் என்றால் பாருங்கள்.

அன்றிலிருந்து கோட்டில் அவனைச் சம்பந்திதான் காப்பாற்றினான். சம்பந்தி என்றால் கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆள், ஒத்தைத்தோளுக்கு எதிர்த்தோள். “பொத்திப் பொத்தி வளர்த்து உன் கையில குடுக்கிறேன், நல்லபடியா வச்சுக்கோ” என்று ஒத்தைத்தோள் என்றோ ஒரு மூட்டையைக் கொடுத்தபோது சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர். பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றுதான், அவர்கள் கடைசியில் கொஞ்சம் இழுப்பார்கள். சம்பந்தி இப்போதெல்லாம் தோளில் தட்டாமல் கழுத்தோரம் தட்டுவான். அங்கே உணர்ச்சி இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள். ஆளுக்கு ஒன்று பேசினார்கள்.

“ஊரைக் கூட்டிக் கேட்டுப் பாப்போம்.”

“யாரைக் கேக்குறது? அமைச்சரையா? அவர் காரு கண்ணாடியை இறக்குவாரா?”

“வேற வேலை குடுப்பாங்களாமே.”

“என்ன வேலை? போற லாரிக்குக் கையாட்டுற வேலையா?”

கொஞ்சம் சிரித்தார்கள். ஒத்தைத்தோளின் மனைவி சிரிக்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “ரோடு வரட்டும். வேணாம்னு யாரு சொன்னா? அந்த ரோட்டுக்குச் சிமெண்டு சுமந்தவனுக்கு அந்த ரோட்டோரம் ஒரு வீடு இருக்கக் கூடாதா?”

கூட்டம் கலைந்தது. முடிவு என்று ஒன்றும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் முதலில் எனக்குத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாள் முதலாளி புதுச் சட்டைகளோடு வந்தார். திறப்பு விழாவில் பழைய முறைப்படி ஒரே ஒரு மூட்டையைத் தோள் மாற்றிக் காட்ட வேண்டுமாம், அதன் பிறகு லாரிகள் கிளம்புமாம். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அழகாக இருக்க வேண்டும்.

“நீதான் உயரம். நீ தூக்கு” என்றார் ஒத்தைத்தோளிடம். “வாயும் பேச மாட்ட.”

அவன் தலையாட்டினான். கொஞ்ச நாளாக அவனுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தலையாட்டல்தான்.

விழா நாளில் கோட்டுக்குப் பக்கத்தில் மேடை, பந்தல், இரண்டு நாட்டுக் கொடிகள். பின்னால் லாரிகள் பூமாலை போட்டுக்கொண்டு உறுமின. எங்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். திட்ட அதிகாரி அம்மாள் நன்றாகப் பேசினாள். சரக்கு நாள்கணக்கில் காத்திருக்காது, மருந்து கெட்டுப்போகாது, விலை இறங்கும், இரண்டு நாடும் வியாபாரத்தில் பின்னிக்கொண்டால் சண்டை போட யோசிக்கும், கடலுக்குப் போக இனி ஒரே வழியை நம்பியிருக்க வேண்டாம், இந்த இடத்துக்குக் கேந்திர முக்கியத்துவம் உண்டு என்றாள். பொய் என்று சொல்ல மாட்டேன். என் தங்கை மகனுக்கு மருந்து இந்தக் கேட்டில் காத்துக் கிடந்தது எனக்கு மறக்கவில்லை.

“கேந்திர முக்கியத்துவம்னா என்னக்கா?” என்று என் பக்கத்தில் நின்ற முடிவெட்டுகிறவன் கேட்டான்.

“நம்ம வீடு இருக்கிற இடம்தான்டா. இல்லேன்னா ஏன் அதையே கேக்குறாங்க?”

ஒத்தைத்தோள் மூட்டையோடு வந்தான். புதுச் சட்டை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது. எதிரே சம்பந்தி, அவனுக்கும் அதே சட்டை வேறு நிறத்தில். அவன் தோளைக் கொடுத்தான். மூட்டை பாதி இந்தத் தோளில், பாதி அந்தத் தோளில் அமர்ந்தது. படமெடுக்கிறவர்கள், “கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க” என்றார்கள். அந்தக் குழப்பத்தில், எல்லோருக்கும் தெரியட்டும் என்று, சம்பந்தி பழைய பழக்கத்தில் தோளிலேயே தட்டிவிட்டான். இரண்டு முறை. பளீர் பளீரென்று.

ஒத்தைத்தோள் விடவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. கைதட்டல் எழுந்து அடங்கியது. இரண்டு பேரும் ஒரு மூட்டைக்குக் கீழே, கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றபடி நின்றார்கள். லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தான்.

முதலாளி ஓடி வந்தார். “விடுடா!”

“இன்னும் தட்டலையே முதலாளி.”

“தட்டினான்! ஊரே பார்த்துச்சு!”

“எனக்குத் தெரியலையே.”

“தோள் என்ன கட்டையா?”

“ஆமா முதலாளி. உங்க அட்டி சரிஞ்ச நாள்லேருந்து.”

மைக் பக்கத்தில்தான் இருந்தது. அவனுடைய அந்தத் தட்டையான குரல், கோபமோ அழுகையோ இல்லாத குரல், பந்தல் முழுக்கக் கேட்டது. அந்த நாட்டுக் கேட் வரைக்கும் கேட்டது.

முதலாளியின் முகம் வெளுத்தது. சம்பந்தியின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுய்யா! தட்டினேன்னு சொல்லு!”

சம்பந்தி ஒத்தைத்தோளைப் பார்த்தான். பிறகு கயிற்றுக்கு வெளியே நின்ற எங்களை. அவன் பக்கத்திலும் லைன் வீடுகள் உண்டு. அங்கேயும் யாரோ ஒரு முதலாளி துண்டு துண்டாகச் செய்தி சொல்லியிருப்பார்.

“நான் தட்டவே இல்லையேங்க” என்றான், கடைசியை நன்றாக இழுத்து.

இந்தப் பக்கத்துக் காவலர் வந்து மூட்டையைப் பார்த்தார். பாதி அந்த நாட்டில் இருந்தது. அந்தப் பக்கத்துக் காவலர் வந்து பார்த்தார். பாதி இந்த நாட்டில் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்தப் பாதியைப் பிடிப்பது என்று மேலே கேட்கப் போனார்கள்.

அப்போதுதான் ஒத்தைத்தோளின் மனைவி கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தாள். “எவ்வளவு நேரம் நிப்ப? தள்ளு” என்று புருஷனின் தோளுக்குப் பக்கத்தில் தன் தோளைக் கொடுத்தாள். அவள் பின்னால் ஒரு சுமைக்காரன் யார்டிலிருந்து இன்னொரு மூட்டையைச் சுமந்து வந்து கோட்டில் நின்றான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தோள் வந்தது. தட்டவில்லை. அடுத்தவன் வந்தான். அடுத்தவன். யாரும் கோஷம் போடவில்லை. கோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் மூட்டைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு நாட்டு ஆட்கள். தரையில் எதுவும் படவில்லை. யாரும் கோட்டைத் தாண்டவும் இல்லை.

முதல் லாரியின் ஓட்டுநர் என்ஜினை அணைத்தான். உறுமல் நின்றதும் பந்தல் துணி காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“என்னதான் வேணும் உங்களுக்கு?” என்றாள் அதிகாரி அம்மாள் மேடையிலிருந்து இறங்கி வந்து.

“லாரி போகட்டும்மா” என்றாள் ஒத்தைத்தோளின் மனைவி. “லாரி நிறுத்துற இடத்துல எங்களுக்கு வேலை, அதுக்குப் பக்கத்துல வீடு. ரெண்டு பக்கத்து ஆளுங்களுக்கும். எங்க ஆளு தோளுக்கு வைத்தியம். அதைச் சொல்லிட்டு ரெண்டு தட்டு தட்டுங்க. விட்டுடுறோம்.”

யாரும் தட்டவில்லை. நாங்கள் முறை வைத்துத் தோள் மாற்றிக்கொண்டோம். சாக்கு தைக்கிற எனக்கும் ஒரு முறை வந்தது. எதிரே அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி. என் முறை முடிவதற்குள் அவள் வீட்டு மாமியார் கதை முழுவதும் எனக்குத் தெரிந்திருந்தது.

உட்கார்ந்து பேசலாம் என்று மேலிடம் ஒப்புக்கொண்ட பிறகுதான் மூட்டைகளை விட்டோம். பேச்சுவார்த்தை ஆரம்பமாகி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. லாரிகள் இப்போது போகின்றன, மெதுவாக, எங்களைப் பார்த்துக்கொண்டே. லைன் வீட்டின் கடைசி இரண்டு அறைகளை இடித்தார்கள், மீதி நிற்கிறது. அதன் பிறகு ஆரம்பித்த இரண்டு பக்கத்துச் சுமைக்காரர் சங்கமும் கோட்டில்தான் கூடுகிறது, அவரவர் பக்கத்தில் உட்கார்ந்து. ஒத்தைத்தோளுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. விரல் நுனியில் ஏதோ எறும்பு ஊர்கிறது என்கிறான். அவன் மனைவி நம்புகிறாள்.

முதலாளி பெரிய ஊருக்குக் குடிபோய்விட்டார். அதிகாரி அம்மாளுக்கு மாற்றல் வந்தது. முடிவெட்டுகிறவன் லாரி நிறுத்துமிடத்தில் கடை போடலாம் என்று இன்னும் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அன்று என்ஜினை அணைத்த ஓட்டுநர், லாரி கிளம்பும்வரை ஒத்தைத்தோள் வீட்டில்தான் சாப்பிட்டான். அதன் பிறகு போகும்போதும் வரும்போதும் அவன் லாரி அந்த வீட்டு வாசலில் மட்டும் ஏன் இன்னும் மெதுவாகப் போகிறது என்று முதலில் சந்தேகப்பட்டவள் நான்தான். அடுத்த மழைக்குள் ஒத்தைத்தோளின் மகளை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

கல்யாணத்தன்று சம்பந்தி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான்: “இத்தனை வருஷமா என்னைச் சம்பந்தி சம்பந்தின்னு கூப்பிட்டுட்டு, பொண்ணை ஒரு டிரைவருக்குக் குடுத்துட்டியேய்யா!”

ஒத்தைத்தோள் கோட்டுக்குப் போய் நின்றான். சம்பந்தி கையை நீட்டி அவன் கழுத்தோரம் இரண்டு முறை தட்டினான். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒத்தைத்தோள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.