ஏணிக் கணக்கு

முப்பது வருஷம் ஏணியில் நின்று சுவருக்கு வெள்ளையடித்தவன் நான். முட்டி போனதும் இந்தத் தேர்வுக் கூடத்தில் தண்ணீர் கொடுக்கிற வேலைக்கு வந்தேன். தரை துடைப்பதும் என் தலையில்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு. எண் வாசிப்பேன். எக்ஸை மட்டும் நம்ப மாட்டேன். யார் எவர் என்று சொல்லாமல் கணக்குக்குள் வந்து உட்காருகிற ஆளை எப்படி நம்புவது?

என் மகள் இரண்டு மாதமாக அந்த எக்ஸோடுதான் மல்லுக்கட்டினாள். கட்டட மேற்பார்வையாளர் வேலைக்குத் தேர்வு. போன தடவை இரண்டு மார்க்கில் போச்சு. அடுத்த மாதம் வயசு வரம்பு தாண்டுகிறது. இதை விட்டால் வேறு இல்லை.

"ரெண்டு கோணம் சேர்ந்து சில கணக்குல தொண்ணூறு, சிலதுல நூத்தியெண்பது. எது எங்கன்னு குழம்புதுப்பா."

"சுவரும் தரையும் சேர்ற மூலை தொண்ணூறு. ஏணி அதுக்குள்ளதான் நிக்கணும். இதுக்கு எதுக்கு எக்ஸு?"

"எக்ஸ் போட்டாதான் மார்க். உங்க ஏணியை யாரு திருத்துவா?"

தேர்வன்று அவள் எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்தாள். அவள் என் மகள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. தேர்வைக் கண்காணிக்க வந்தவருக்கு நான் வைத்த பேர் கொக்கு. ஒற்றைக் காலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். பேசினால் பேப்பரைப் பிடுங்கிவிடுவார்.

அவளுக்குத் தண்ணீர் வைக்கும்போது பேப்பரைப் பார்த்தேன். முதல் கேள்வியிலேயே படம்: சுவர், தரை, ஏணி. தரைப் பக்கக் கோணம், சுவர்ப் பக்கக் கோணத்தைப் போல இரண்டு மடங்கும் பதினைந்தும். அதற்குக் கீழே அவள் எழுத்து. இரண்டும் சேர்ந்து நூற்றியெண்பது என்று போட்டிருந்தாள். விடை ஐம்பத்தைந்து, நூற்றிருபத்தைந்து. அடியில் அழகாகக் கோடு வேறு.

தரையில் நூற்றிருபத்தைந்து என்றால் ஏணி சுவரை விட்டுப் பின்னால் சாயும். ஏறினவன் மல்லாந்து விழுவான்.

சொல்வது தப்பு. தெரியும். ஆனாலும் துடைக்கிற குச்சியை எடுத்துவந்து அவளுக்கு எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தேன். அடியை இழுத்து, ஏணி மாதிரி. பார், தாயே, பார்.

பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். முட்டி வலிக்கிறது என்று நினைத்திருப்பாள். உட்காருங்கள் என்று கண்ணால் நாற்காலியைக் காட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினாள்.

"பெரியவரே, இங்க என்ன கண்காட்சியா? எடுங்க அதை," என்றார் கொக்கு.

எடுத்தேன். மணி அடிக்கிறவரை அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். வேறென்ன செய்ய?

எல்லோரும் போனபின் அவள் நான் சாமான் வைக்கிற அறைக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"முதல் கணக்கே ஏணிப்பா! உங்களை நினைச்சுக்கிட்டே போட்டேன். கடகடன்னு வந்துடுச்சு."

"சரிம்மா."

"என்ன சரி? மேற்பார்வையாளர் அப்பான்னு காலரைத் தூக்கிவிட்டுக்கோங்க."

குச்சியை வழக்கம்போல் மூலையில் சாய்த்தேன். பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. குச்சியையும் தரையையும் சுவரையும் பார்த்தாள். அவள் உதடு மெதுவாக அசைந்தது: தொண்ணூறு.

நான் குச்சியை எடுத்துத் தரையில் படுக்கவைத்தேன்.